கேலிப்ரேட் செய்த பிறகும் லைட்ரூமில் ஒரு நிறம், வியூவரில் வேறு நிறம்: கோளாறு எங்கே?

நிழற்படத்தான்:
வணக்கம். 27 அங்குல வைட் காமட் (வழக்கத்தைவிட அகன்ற நிற வீச்சு) ஐபிஎஸ் மானிட்டர், விண்டோஸ், டிஸ்ப்ளேகால் என்ற கேலிப்ரேஷன் மென்பொருள், திரையின் நிறத்தை அளக்க ஒரு கலரிமீட்டர். இலக்கு: வெள்ளை 6500 கெல்வின், நடு டோன்களுக்குக் காமா 2.2, திரைப் பிரகாசம் 120 நிட். ரிப்போர்ட்டில் சராசரி டெல்டா ஈ (நிறப் பிழை; குறைந்தால் நல்லது) 0.6 என்று வருகிறது. ஆனாலும் லைட்ரூமில் சரியாக இருக்கும் முகம் சாதாரண பட வியூவரில் செக்கச்செவேல் என்று தெரிகிறது. சாம்பல் கிரேடியன்ட் பட்டை பட்டையாக இருக்கிறது, இருட்டுப் பக்கம் லேசாகப் பச்சை அடிக்கிறது. பிரின்ட்டோ திரையைவிட இருட்டு. புரொஃபைல் ஏறவில்லையா, மீட்டர் தப்பா?

காமாக்காரன்:
மூன்றுக்கும் காரணம் வேறுவேறு. முதலில் முகம்.

நீங்கள் செய்தது இரண்டு வேலை. கேலிப்ரேஷன் என்பது வெள்ளையையும் சாம்பல் படிகளையும் நேர்ப்படுத்தும் வளைவு. வீடியோ கார்டில் ஏறிவிடும், எல்லா மென்பொருளுக்கும் பொருந்தும். ஐசிசி புரொஃபைல் என்பது இந்தத் திரையின் சிவப்பு எவ்வளவு சிவப்பு என்று சொல்லும் விவரக்குறிப்பு மட்டுமே. அதைப் படித்து எண்களை மாற்றிக்கொள்ளும் மென்பொருளுக்குத்தான் பயன். லைட்ரூம் படிக்கிறது, உங்கள் வியூவர் படிப்பதில்லை. எஸ்ஆர்ஜிபி (வெப்பில் வழக்கமான, குறுகிய நிற வெளி) படத்தின் எண்களை அப்படியே அனுப்புவதால், அகன்ற காமட் திரை தன் முழுச் சிவப்பையும் கொட்டுகிறது. இதை எந்த மீட்டராலும் சரிசெய்ய முடியாது. நிற மேலாண்மை உள்ள வியூவருக்கு மாறுங்கள். பயர்ஃபாக்ஸில் மேம்பட்ட அமைப்புகளுக்குள் கலர் மேனேஜ்மென்ட் மோட் மதிப்பை 2-லிருந்து 1 ஆக்கினால், புரொஃபைல் பதியாத படங்களையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். வெப்புக்கு மட்டும் வேலை செய்பவர் என்றால் மானிட்டரின் எஸ்ஆர்ஜிபி மோடில் வைத்தே கேலிப்ரேட் செய்யலாம்; பல மாடல்களில் அந்த மோட் பிரைட்னஸைப் பூட்டிவிடும் என்பதுதான் தொல்லை.

அந்த 0.6-ஐ நம்பி உட்கார வேண்டாம். அதே மீட்டர் தன் வேலைக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிறது. கரெக்‌ஷன் பட்டியலில் உங்கள் பேனலின் பேக்லைட் வகையைத் தேர்ந்தீர்களா (மீட்டரின் அளவை அந்த வகைக்கேற்பத் திருத்துவதுதான் அது)? வைட் காமட் எல்இடிக்குச் சாதாரண வெள்ளை எல்இடியின் கரெக்‌ஷன் போட்டால் வெள்ளையே ஒரு பக்கம் சாயும், ரிப்போர்ட் மட்டும் பிரமாதமாக வரும்.

பட்டைவேட்டை:
கிரேடியன்ட் பற்றி. வீடியோ கார்டின் காமா அட்டவணையை (கேலிப்ரேஷன் வளைவு ஏறியிருக்கும் இடம்) ரீசெட் செய்துவிட்டு அதே படத்தைப் பாருங்கள். பட்டை மறைந்தால் குற்றவாளி அந்த வளைவு. 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படி. நீலத்தை 15 சதவீதம் வளைவிலேயே குறைத்தால் 40 படி அளவுக்குத் தொலைந்துபோகும். அதனால் வெள்ளையை மானிட்டர் மெனுவிலேயே முடிந்தவரை கொண்டுவர வேண்டும்:

ஃபேக்டரி ரீசெட். யூசர் கலர் மோட். டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ, ஒளி சென்சார், விண்டோஸ் நைட் லைட், எச்டிஆர் எல்லாம் ஆஃப். 30 நிமிடம் சூடாகட்டும். கான்ட்ராஸ்ட்டைத் தொடாதீர்கள். பிரைட்னஸால் நிட் அளவைப் பிடியுங்கள். பிறகு ஆர்ஜிபி கெயினில் மிஞ்சி நிற்கும் சேனலைக் குறையுங்கள். குறைவாக இருப்பதை ஏற்றினால் வெளிச்சமான டோன்கள் வெட்டுப்படும். கெயினைக் குறைத்ததும் நிட் இறங்கும், பிரைட்னஸை மறுபடி பாருங்கள்.

பச்சைக்கு: இருட்டு அளவீட்டில் கலரிமீட்டர் தடுமாறும். வேகத்தை ஸ்லோவில் வையுங்கள். பிளாக் பாயின்ட் கரெக்‌ஷனைக் கூட்டினால் கறுப்பு நடுநிலையாகும், ஆனால் கறுப்பே வெளிறி கான்ட்ராஸ்ட் போய்விடும். எல்சிடிக்கு அதைச் சுழியில் விடுவதே என் கட்சி. புரொஃபைல் வகை: சிங்கிள் கர்வ் பிளஸ் மேட்ரிக்ஸ் (மூன்று சேனலுக்கும் ஒரே வளைவு). இதில் சாம்பலில் நிறம் ஏறாது.

நிழற்படத்தான்:
ரீசெட் செய்ததும் பட்டை போய்விட்டது. மெனுவில் கெயின் மூன்றும் 100-லேயே இருந்தன. கரெக்‌ஷன் 'ஆட்டோ'வில் இருந்தது, மாற்றுகிறேன். பிரின்ட்டுக்கு 5000 கெல்வின் வைக்கச் சொல்கிறார்களே?

தாளும்_மையும்:
பிரின்ட் இருட்டாக இருப்பதற்கும் கெல்வினுக்கும் சம்பந்தம் குறைவு, நிட்தான் விஷயம். வெள்ளைத் தாளின் பிரகாசம் அதன்மேல் விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது. அந்த வெளிச்சத்தின் லக்ஸ் அளவைச் சுமார் மூன்றரையால் வகுத்தால் நிட் கிடைக்கும். 300 லக்ஸ் அறையில் தாள் ஏறக்குறைய 86 நிட். திரை 120-ல் நின்றால் பிரின்ட் இருட்டாகத் தெரியாமல் வேறென்ன செய்யும்? ஒன்று திரையை 85–90-க்கு இறக்குங்கள், அல்லது பிரின்ட்டைப் பார்க்கும் இடத்தில் 400 லக்ஸுக்கு மேல் விளக்கு வையுங்கள். பிரின்ட் பார்க்கும் வெளிச்சத்துக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 3664, பிரின்ட்டைச் சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ், நுணுக்கமாக ஒப்பிட 2000 லக்ஸ், இரண்டுக்கும் டி50 (சுமார் 5000 கெல்வின்) விளக்கு என்கிறது. அப்படிப்பட்ட விளக்கின் கீழ் தாளைத் திரைக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிடுபவருக்குத்தான் 5000 கெல்வின் பொருந்தும். மற்றவர்களுக்கு 6500-ஏ போதும்.

அதன் பிறகு போட்டோஷாப்பில் சாஃப்ட் புரூஃப் (பிரின்ட் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் முன்னோட்டம்): பிரின்டர்-தாள் புரொஃபைல், ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் ஆன், தாள் நிறத்தைக் காட்டும் ஆப்ஷனும் ஆன். படம் சட்டென்று செத்த மாதிரி தெரியும். டூல்பார் வெள்ளையெல்லாம் மறைய முழுத்திரையில் பார்த்தால் கண் பழகிவிடும். மானிட்டர் புரொஃபைலை வொர்க்கிங் ஸ்பேஸாக (படத்தை எடிட் செய்யும் நிற வெளி) வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். புதிதாகக் கேலிப்ரேட் செய்ததும் போட்டோஷாப்பை மூடித் திறக்க வேண்டும், ஏற்கெனவே திறந்திருந்தால் பழைய புரொஃபைலிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.