பொருள்: 'மவுண்ட்' – ஒட்டக்கூடாத அட்டைக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

ஈரோடு, செவ்வாய் காலை

எல்லாருக்கும் வணக்கமுங்க.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. வீரர்கள் கையெழுத்திட்ட படம், பந்து, மட்டை, பனியன் இவற்றைக் கெடாமல் வைத்துக் காட்சிப்படுத்துவது எப்படி என்பதுதான் அதில் இருப்பது. சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் கிரிக்கெட்டின் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானவர். பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். இப்படிப்பட்டவர்கள் கையெழுத்து ஒரு பள்ளிக்குக் கிடைத்தால் அது ஐம்பது வருசமாவது நிற்க வேண்டும்.

கையேட்டுக்கு நாம் தேடிய தமிழ்ச் சொற்களில் மற்றவை முடிந்தன, ஒன்றே ஒன்று பாக்கி. படத்துக்கு மேலே, கண்ணாடிக்குக் கீழே, நடுவில் செவ்வகமாக வெட்டி எடுத்த தடித்த அட்டை வருமே, அது. பிரேம் கடையில் அதற்கு 'மவுண்ட்' என்று பெயர். ஆனால் அதே கடையில் படத்தைப் பசை தடவிப் பலகையில் ஒட்டுவதும் 'மவுண்ட் பண்றது'தான். 'மவுண்ட் போட்டு வாங்கவும்' என்று நாம் அச்சிட்டால், கடைக்காரர் ஹார்ட்போர்டில் பெவிகால் தடவி அழுத்திவிடக்கூடும். அப்புறம் பிரிக்க வழியில்லை; பிரித்தால் தாள் கிழியும். ஆகவே சொல் ஒட்டுவதை நினைவூட்டக்கூடாது.

கோவை, செவ்வாய் முற்பகல்

சன்னல் அட்டை. திறப்பு இருக்கிறது, அதன் வழியே பார்க்கிறோம். கடைக்காரருக்கும் புரியும், பையனுக்கும் புரியும்.

பெருந்துறை, செவ்வாய் இரவு

சன்னல் போர்த்துக்கீசியச் சொல். நன்னூல் தந்த பவணந்தியார் பிறந்த ஊர் சீனாபுரம் என்று வழங்கும் மண்ணிலிருந்து எழுதுகிறேன். கடன் வாங்குமுன் வீட்டில் இருப்பதைப் பார்ப்போம். சிலம்பில் 'மான்கண் காலதர் மாளிகை' வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று போகும் வழி காலதர். இந்த அட்டையின் வேலையும் அதுவேதான்: கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடுவது. பொருளும் சொல்லும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம். 'காலதரட்டை' என்க.

அதர் வழியைக் குறிக்கும் என்பதில் ஐயம் இருப்பவர்கள் அகம் 67 பார்க்கலாம்: 'பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்'. வழிதோறும் நட்ட கல்லில் வீரனின் பெயரும் பெருமையும் எழுதி மயிற்பீலி சூட்டினார்கள். கையேட்டின் பொருளே இதுதான். அதனால் 'நினைவுப்பொருள்' என்று நீங்கள் முடித்துவிட்ட சொல்லையும் மறுபடி எடுக்க வேண்டும் என்பேன். 'பீடுபொருள்' ஏன் கூடாது?

கோவை, செவ்வாய் இரவு

அய்யா, முடிந்த சொல்லை மறுபடி திறக்க வேண்டாமுங்க. வெள்ளிக்கு நடுவில் இரண்டு நாள்தான் இருக்கிறது. காலதர் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் காந்திபுரத்தில் கடைக்காரரிடம் 'காலதரட்டை' என்று ஒரு வாத்தியார் கேட்டால் அவர் காதில் 'காலாவதி' என்றுதான் விழும். பழையன கழிதலும் புதியன புகுதலும் சொன்னதும் உங்க ஊர் பவணந்தியார்தானே.

சென்னிமலை, புதன் காலை

தறிக்காரர் சொல் ஒன்று இருக்கிறது: கரை. வேட்டிக்குக் கரை, சேலைக்குக் கரை, பெட்சீட்டுக்குக் கரை. உடலைச் சுற்றி, வேறு நிறத்தில், அளவாக நிற்பது. இந்த அட்டையும் படத்தைச் சுற்றி வேறு நிறத்தில் நிற்கிறது. கரை + அட்டை, நடுவில் யகர உடம்படுமெய்: கரையட்டை. கொங்கு நாட்டில் விளக்கம் சொல்லத் தேவைப்படாத சொல்.

வால்பாறை, புதன் காலை

எங்கள் பக்கம் அட்டை என்றால் முதலில் ரத்தம் குடிக்கும் உயிர்தான் நினைவுக்கு வரும். அதைக்கூட விட்டுவிடலாம். 'கரையட்டை' என்றால் கரையும் அட்டை என்றும் பிரியும், வினைத்தொகையாக. கரையான் அட்டை என்றும் காதில் விழும். காகிதத்தைக் காப்பதற்கான கையேட்டில் இந்த இரண்டு நினைவும் வரக்கூடாது.

சென்னிமலை, புதன் முற்பகல்

அப்படிப் பார்த்தால் 'சுடுசோறு' வினைத்தொகைதான். யாரும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. இடம் பொருளைத் தீர்மானிக்கும்.

பொள்ளாச்சி, புதன் மாலை

சொல்லைத் தேடுமுன் பொருளை ஒருமுறை பார்த்துவிடுவோம். பாதிப் பேர் அலங்காரம் என்று நினைத்து எழுதுவதாகத் தெரிகிறது.

இந்த அட்டை இல்லாமல் படத்தைக் கண்ணாடியோடு சேர்த்து அடைத்தால், ஈரம் ஏறும்போது புகைப்படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து அந்தப் படலத்தின் மேல்தான் இருக்கிறது. இழுத்தால் மையும் கண்ணாடியோடு போகும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது எங்கள் பக்கத்தில் இது நடக்கக்கூடியது. இதற்குத்தான் நான்கு அடுக்கு அட்டை, சுமார் 1.4 மி.மீ. கனம். பெரிய படமானால் தாள் வளைந்து முன்னால் வரும். அப்போது எட்டு அடுக்கு, சுமார் 3 மி.மீ.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது மரக்கூழ் அட்டை. அதிலுள்ள லிக்னின் நாள்பட அமிலமாகும். 45 பாகையில் வெட்டிய சாய்வு விளிம்பு முதலில் பழுக்கும். பிறகு படத்தின் மேலேயே நாலு பக்கமும் பழுப்புக்கோடு விழும். அந்தக் கோடு போகாது. பருத்திக் கூழ் அட்டை வாங்க வேண்டும், கார அமிலக் குறியீடு (pH) 7 முதல் 8.5 வரை. சோதனைப் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தால் ஊதாவாக நிற்பது நல்லது, மஞ்சளாக மாறினால் அமிலம். மேலே ஒட்டிய வண்ணத்தாளில் மட்டும் இழுத்துப் பார்த்து ஏமாறக்கூடாது. நடுக்கூழில் இழுக்க வேண்டும்.

திறப்பு படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. சிறிதாக இருந்தால் போதும். கையெழுத்து ஓரத்தில் இருந்தால் அதையும் மூடாமல், படத்தைவிடப் பெரிய திறப்பு வெட்டிப் படத்தை முழுதாகத் தெரிய விட வேண்டும். படத்தைப் பிடிப்பது பின்பலகை. அதில் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு சின்னத் துண்டு ஜப்பானியக் காகிதம், கோதுமை மாவுச்சத்துப் பசையில். நாலு பக்கமும் ஒட்டினால் தாள் விரியவும் சுருங்கவும் இடமில்லாமல் அலையலையாகிவிடும். துண்டுக் காகிதம் படத்தாளைவிட மெலிதாக இருக்க வேண்டும். தவறி விழுந்தால் அது கிழியட்டும், படம் தப்பட்டும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். பனியனைச் சட்டம் போடும்போது சன்னல் வெட்டுவது கட்டாயமில்லை. பீடிங்கின் (சட்டத்தின் மரப்பட்டை) உள்பக்கம் சுற்றிலும் ஒன்றிரண்டு செ.மீ. உயரத்துக்குப் பட்டை வைத்துக் கண்ணாடியைத் தள்ளி நிறுத்துகிறோம். அங்கே சன்னலும் இல்லை, கரையும் இல்லை. வேலை மட்டும் அதேதான். ஆகவே வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும். விலக்கு + அட்டை, குற்றியலுகரம் கெட்டு 'விலக்கட்டை'. பனியனுக்கு 'விலக்குப்பட்டை'. ஒரே வேரில் இரண்டும் அடங்கும்.

கோபி, புதன் இரவு

பொள்ளாச்சி அய்யா சொன்ன விவரம் அப்படியே கையேட்டில் போக வேண்டுமுங்க. சொல்லை மட்டும் ஏற்க முடியாது. 'விலக்கு' என்றால் எங்கள் ஊர்களில் மாதவிலக்குதான். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் முன்னால் ஆசிரியர் அந்தச் சொல்லைப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும். பிள்ளைகள் சங்கடப்படும் சொல்லை நாமாக உள்ளே கொண்டு வரக்கூடாது.

பொள்ளாச்சி, புதன் இரவு

ஏற்கிறேன் அம்மிணி. திரும்பப் பெறுகிறேன். 'இடைவெளி அட்டை'?

பெருந்துறை, வியாழன் காலை

இடைவெளி வெறும் இன்மையைச் சொல்கிறது. காலதர், காற்று அங்கே இருக்கிறது என்று சொல்கிறது. இந்த வேறுபாடு சின்னதல்ல.

கரூர், வியாழன் காலை

'உள்சட்டம்' என்றால் என்ன? சட்டத்துக்குள் சட்டம். மூன்றே நொடியில் புரியும்.

கோவை, வியாழன் முற்பகல்

கடைக்காரர் இரண்டாவது சுற்று மரப்பீடிங் போட்டுவிடுவார், காசும் வாங்கிவிடுவார். மரம் கையெழுத்துக்கு அருகில் போனால் அதன் அமில ஆவி வேறு.

ஈரோடு, வியாழன் மாலை

இதுவரை வந்ததைக் கூட்டினேன். சன்னல் அட்டைக்கு ஐந்து பேர், கரையட்டைக்கு இருவர், இடைவெளி அட்டைக்கு ஒருவர், காலதரட்டைக்கு ஒருவர். நாளை காலை அச்சகம் கேட்கும். 'சன்னல் அட்டை' என்றே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி தடித்த எழுத்தில்: 'கடையில் மவுண்ட் என்று மட்டும் கேட்காதீர்கள், நடுவில் வெட்டிய அட்டை, படத்தை ஒட்டக்கூடாது என்று சொல்லிக் கேளுங்கள்.' பனியன் பக்கத்தில் 'இடைப்பட்டை'.

சென்னிமலை, வியாழன் இரவு

அந்த ஐந்து பேரில் மூவர் காரணம் எழுதாமல் 'சரி' என்று மட்டும் எழுதியவர்கள். அச்சு அவசரம் புரிகிறது. ஆனால் அடுத்த பதிப்பு வரும்போது கரையட்டையை மறுபடி எடுப்பேன் என்பதை இப்போதே பதிவு செய்கிறேன்.

பொள்ளாச்சி, வியாழன் இரவு

சொல் எதுவானாலும் இருக்கட்டும். கையேட்டின் பதினோராம் பக்கத்தில் 'புறஊதாத் தடுப்புக் கண்ணாடி போட்டால் வெயில்படும் சுவரிலும் மாட்டலாம்' என்று இருக்கிறது. அது தவறு, அச்சுக்கு முன் எடுத்துவிடுங்கள். அந்தக் கண்ணாடி புறஊதாவைத்தான் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மார்க்கர் மையை வெளுக்க வைக்கும். ஒளி 50 லக்ஸுக்குள் இருக்க வேண்டும், வெளுத்த மை திரும்ப வராது. இன்னொன்று: பந்துக்கும் கையெழுத்திட்ட அட்டைகளுக்கும் 'பிளாஸ்டிக் உறை' என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். பி.வி.சி. உறையிலுள்ள மென்மையாக்கி மையை இளக்கித் தன்மேல் இழுத்துக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் என்று பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

பெருந்துறை, வெள்ளி அதிகாலை

பதினோராம் பக்கத்தில் 'கீல்' என்று ஜப்பானியக் காகிதத் துண்டைக் குறித்திருப்பதையும் பார்த்தேன். கதவுக் கீல் இரும்பு, இது காகிதம். 'தொங்குதாள்' பொருந்துமா என்று தனி மடலில் எழுதுகிறேன்.