மறு: லிட்மஸ் டெஸ்ட் – அரசியல் பொருளில் தமிழில் என்ன?

> செய்திகளில் 'அமிலச் சோதனை', 'அக்கினிப் பரீட்சை', 'உரைகல்' என்று மாறி மாறி வருகிறது. அரசியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். எதை எடுப்பது?

வணக்கம்.

ஐயா, நீங்கள் கேட்டிருப்பது ஒரு சொல்லுக்கு. ஆனால் அதற்குள் இரண்டு பொருள் இருக்கிறது.

"இந்த இடைத்தேர்தல் ஆளுங்கட்சிக்கு லிட்மஸ் டெஸ்ட்" என்றால், முடிவைப் பார்த்துக் கட்சியின் நிலையை அறியலாம் என்று பொருள். இதற்குப் புதுச்சொல் தேடி அலைய வேண்டாம். 'தத்தம் கருமமே கட்டளைக் கல்' என்று குறள் சொல்லும் அதே கல்தான். உரைகல் என்று போட்டுவிட்டு நகரலாம்.

மற்றதுதான் சிக்கல்: ஒரே கேள்விக்கான பதிலை வைத்து ஒருவரை ஏற்பது, அல்லது ஒதுக்குவது. கருக்கலைப்பு உரிமையை ஏற்ற ரோ–வேட் தீர்ப்பு அமெரிக்காவில் 1973-இல் வந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது. இடைப்பட்ட காலத்தில் யாரை நீதிபதியாக முன்மொழிந்தாலும், "அந்தத் தீர்ப்பைப் பற்றி இவர் என்ன நினைக்கிறார்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் பேச்சு. அவர் எழுதிய மற்றத் தீர்ப்புகள், சட்ட அறிவு, நேர்மை எல்லாம் அதற்குப் பிறகு. இங்கே கேட்பவர் ஆளை அறியக் கேட்கவில்லை, கழித்துக்கட்டக் கேட்கிறார். 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்பதற்கு நேர் எதிர்.

இந்தப் பொருளுக்கு அக்கினிப் பரீட்சை பொருந்தாது. அதில் தீயில் இறங்குகிறவர் படும் பாடுதான் பெரிது. அமிலச் சோதனை, பொன்னை அமிலம் விட்டுப் பார்ப்பதிலிருந்து வந்த வேறோர் உருவகம். சென்ற வாரம் ஒருவர் 'ஒருசோற்றுப் பதம்' என்றார். அழகான சொல்தான். ஆனால் பதம் பார்த்த சோறு பானை முழுவதற்கும் சாட்சி. இங்கே அந்த ஒரு பதில் எதற்கும் சாட்சியில்லை, அதுவே தீர்ப்பு.

பள்ளி ஆய்வகத்தில் பார்த்த லிட்மஸ் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். நீலத் தாளை எலுமிச்சைச் சாற்றில் நனைத்தாலும் சிவக்கும், கந்தக அமிலத்தில் நனைத்தாலும் சிவக்கும். ஒன்றைக் குடிக்கலாம், மற்றது கையைப் பொசுக்கும் என்பது தாளுக்குத் தெரியாது. அரசியலில் இந்தச் சோதனையைக் குறை சொல்பவர்களின் வாதம் முழுதும் இதில் அடங்கிவிடுகிறது. தூய நீரில் நனைத்தால் நீலமும் மாறாது, சிவப்பும் மாறாது. அப்படித்தான் 1993-இல், உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழியப்பட்ட ரூத் பேடர் கின்ஸ்பர்க், வரப்போகும் வழக்குகள் பற்றி முன்கணிப்பும் சொல்லமாட்டேன், குறிப்பும் காட்டமாட்டேன் என்று நியமனத்தை ஆராய்ந்த செனட் குழுவிடம் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் தண்ணீராகிவிட்டால் தாள் என்ன செய்யும்!

என் பரிந்துரை: வடிகேள்வி. வடிகட்டும் கேள்வி. சுடுகாடு, குடிநீர் போல வினைத்தொகை. 'ஒற்றைவினாத் தகுதிச் சோதனை' என்றும் யோசித்தேன், இரண்டாம் முறை எழுதும்போதே கை வலித்தது.

ஒரு சொற்றொடரில் வைத்துப் பார்ப்போம். 2000 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் ஜார்ஜ் புஷ் இதைத்தான் மறுத்தார்: நீதிபதி நியமனத்தில் "எனக்கு வடிகேள்வி எதுவும் கிடையாது." உறுத்தவில்லை, இல்லையா?

அன்புடன்.

---

> என் பரிந்துரை: வடிகேள்வி.

சொல் நன்று. ஆனால் கேள்வியே இல்லாத இடத்தில்? இங்கிலாந்தில் 1673-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பதவிக்கு வருபவர் அந்நாட்டுத் திருச்சபை முறையில் நற்கருணை வாங்கிக் காட்ட வேண்டும். 1828 வரை அது நீடித்தது. அமெரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, பதவிக்குச் சமயச் சோதனை கூடாது என்கிறது. வரியை உயர்த்தமாட்டேன் என்று 1986 முதல் அங்கே வேட்பாளர்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். இவற்றில் யார் என்ன கேட்டார்கள்? 'வடிசோதனை' என்றால் எல்லாம் அடங்கும்.

---

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். கையெழுத்து வாங்குவதற்கு 'உறுதிமொழி' இருக்கிறது, அதை அப்படியே விடலாம். நற்கருணைக்கு என் சொல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் 'வடிசோதனை'யைக் கேட்டதும் வடிகட்டியைச் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. நீர் சுத்திகரிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நேர்காணல், நியமனம், வேட்பாளர் தேர்வு வருமிடங்களில் வடிகேள்வி. சட்டமே விதிக்கும்போது 'தகுதிச் சோதனை' போதும். மொழிபெயர்க்கும் நண்பர் தம் கட்டுரையில் இரண்டையும் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதட்டும். வேதியியல்காரர்களின் லிட்மஸ் தாளை நாம் தொட வேண்டாம்.