‘கோவில்பட்டி வீடு’ குழுவில் யாழினியின் கணக்கு

*வியாழன்*

மலர் சித்தி (மாலை 6.48): யாழினியோட காலாண்டு கணக்குப் பேப்பர் கொடுத்துட்டாங்க. நூத்துக்கு 41. வந்ததுல இருந்து பிள்ளை சாப்பிடல, ரூம்ல உக்காந்து அழுதுட்டே இருக்கா. மத்த பாடம் எல்லாம் 75க்கு மேல.

சரவணன் மாமா (6.52): டியூஷன் போறாளேக்கா?

மலர் சித்தி (6.53): ஜூன்ல இருந்து போறா. அங்க ஒரே ஹால்ல அறுபது பிள்ளைங்க. சந்தேகம் கேட்டா “முன்னாடியே நடத்திட்டேன், பக்கத்துல கேட்டுக்கோ”ன்னு சொல்றாங்களாம். அதுல இருந்து கேக்குறதையே விட்டுட்டா.

பெரியம்மா (6.55): முதல்ல பிள்ளைக்கு ஒரு தோசை ஊத்திக் குடு மலரு. மார்க்கு எங்கயும் போயிடாது.

பெரியப்பா (7.02): பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பும்மா. எல்லாப் பக்கமும். மார்க் பார்க்க இல்ல, எங்க தடுக்குதுன்னு பார்க்கணும்.

மலர் சித்தி (7.09): 11 படங்கள்

பெரியப்பா (7.41): யாழினி கண்ணு, பெரியப்பா முழுசா பார்த்துட்டேன். வரைபடக் கேள்வியை எடு. எக்ஸ் ஸ்கொயர் − 4 எக்ஸ் + 3. எட்டு மார்க், உனக்கு ரெண்டு போட்டிருக்காங்க. உன் அட்டவணையில 0க்கு 3, 1க்கு 0, 2க்கு −1, 3க்கு 0, 4க்கு 3, 5க்கு 8. ஆறும் சரி. எக்ஸ் = −1க்கு மட்டும் −2ன்னு எழுதியிருக்கே. ஓரத்துல நீ போட்ட வழி தெரியுது: −1 − 4 + 3. மைனஸ் ஒன்றின் வர்க்கம் மைனஸ் ஒன்றா? மைனஸ் நாலை மைனஸ் ஒன்றால பெருக்கினா மைனஸ் நாலா?

பெரியப்பா (7.43): 1 + 4 + 3. எட்டு வரணும். அந்த ஒரு புள்ளி கீழ இறங்கினதால உன் வளைவு இடப்பக்கம் ஏறிட்டு மறுபடி கீழ விழுது. இது கிண்ணம் மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறணும். தாளை எக்ஸ் = 2ல மடிச்சா 5க்கு நேர் எதிர்ல வர்றது −1. அங்க 8னா இங்கயும் 8.

யாழினி (8.05): பெரியப்பா மடிச்சுப் பார்த்தேன். ஆமா

யாழினி (8.06): ஆனா எனக்கு அந்த மைனஸ் எப்பவுமே அப்படித்தான் வருது. சில நேரம் சரியா வரும் சில நேரம் வராது. ஏன்னு தெரியல

பெரியப்பா (8.10): மத்த பக்கத்துலயும் அதேதான். கூட்டுத் தொடர்ல பொது வித்தியாசம் குறையும்போது தப்பு. காரணிப்படுத்துறதுல குறி தப்பு. பத்தாவது பாடம் உனக்குப் புரியுது கண்ணு. ஏழாவதுல முழுக்கள் பெருக்கல் கைக்கு வரல, அவ்ளோதான்.

கார்த்தி (9.20): இப்பதான் ஆபீஸ்ல இருந்து வந்தேன். சித்தி, ஒண்ணு சொல்றேன். கான் அகாடமின்னு ஒரு சைட், ஆப்பும் இருக்கு. முழுக்க இலவசம், விளம்பரமும் கிடையாது. நன்கொடையில நடக்கிற லாபநோக்கமில்லாத அமைப்பு. நான் காலேஜ் முதல் வருஷம் கால்குலஸ்ல அரியர் வச்சப்போ அதுல உக்காந்துதான் பாஸ் பண்ணேன்.

சரவணன் மாமா (9.24): கார்த்தி, பத்தாவது படிக்கிற பிள்ளை கையில போனைக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியும்ல? நம்ம கவின் “பாடம் பார்க்கிறேன்”னுதான் ஆரம்பிச்சான். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பார்த்தா கிரிக்கெட்.

கார்த்தி (9.31): நியாயமான பயம் மாமா. வீடியோ பார்க்கிறது மட்டும்னா நானே வேண்டாம்னுதான் சொல்வேன். அதோட பலம் பயிற்சியில இருக்கு. ஒரு கேள்வி வரும், நோட்டுல போட்டுப் பார்த்து விடையை உள்ள அடிக்கணும். சரியா தப்பான்னு அந்த நிமிஷமே சொல்லும். தப்புன்னா எப்படிப் போடணும்னு படிப்படியா பிரிச்சுக் காட்டும், இல்லன்னா அந்த இடத்துக்கான சின்ன வீடியோவைக் கொடுக்கும். மறுபடி போட்டா வேற எண் வரும். மனப்பாடம் பண்ணி ஏமாத்த முடியாது.

கார்த்தி (9.34): எந்த வகுப்புக்கு வேணா போகலாம், அதுதான் யாழினிக்கு முக்கியம். பத்தாவது பிள்ளை ஏழாவது பகுதியைத் திறந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

யாழினி (9.36): அண்ணே ஏழாவது கணக்கா 😞

பெரியப்பா (9.45): கண்ணு, 31 வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தேன். பத்தாவது பாடம் புரியாம தோத்த பிள்ளைங்க எனக்குக் கொஞ்சம்தான். கழித்தல் குறியிலயும் பின்னத்துலயும் தடுக்கி விழுந்தவங்கதான் நிறைய. எனக்கு அது தெரியும். ஆனா ஐம்பது பேரை வச்சுக்கிட்டு, மார்ச்ல பரீட்சையும் இருக்கும்போது, ஒரு பிள்ளைக்காக ஏழாவதுக்குத் திரும்பிப் போக என்னால முடியல. இன்னைக்கும் சில முகம் ஞாபகம் வரும். அந்தப் பிள்ளைங்களுக்கு இப்படி ஒண்ணு கிடைச்சிருந்தா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்.

பெரியப்பா (9.47): நீ போ. நான் கூட வர்றேன்.

கார்த்தி (9.58): அது ஆரம்பிச்ச கதையே நம்ம வீடு மாதிரிதான். சல்மான் கான்னு ஒருத்தர், பாஸ்டன்ல வேலை. நியூ ஆர்லியன்ஸ்ல ஏழாவது படிச்ச சொந்தக்காரப் பொண்ணுக்கு அலகு மாத்துற கணக்கு வரல. 2004ல போன்லயே சொல்லிக்கொடுத்தார். அப்புறம் மத்த சொந்தக்காரப் பிள்ளைங்களும் கேட்டதால 2006ல இருந்து வீடியோவா எடுத்து யூடியூப்ல போட்டார். 2009ல வேலையை விட்டுட்டு முழுநேரமா இறங்கிட்டார். வீடியோல ஆள் முகமே வராது. கறுப்புப் பலகை, கலர் கலரா கையெழுத்து, குரல் மட்டும்.

பெரியம்மா (10.03): வேற ஊர்ல இருந்துக்கிட்டே சொந்தக்காரப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தானா. நல்லா இருக்கட்டும்.

*வெள்ளி*

மலர் சித்தி (காலை 7.15): கார்த்தி, இவ தமிழ் மீடியம்ப்பா. அது இங்கிலீஷ்லதானே பேசுது? நைட் ஒரு வீடியோ பார்த்துட்டு பாதி புரியலன்னு வச்சுட்டா.

கார்த்தி (7.22): ஏழாவது பகுதியில எண்தான் அதிகம் சித்தி, சமாளிச்சுடுவா. பெரியப்பா, சொல் மட்டும் நீங்க கொடுத்தா நல்லா இருக்கும்.

பெரியப்பா (8.40): யாழினி, நோட்டோட கடைசிப் பக்கத்துல எழுதிக்கோ. இன்டீஜர் – முழு. ஃபாக்டர் – காரணி. மல்டிபிள் – மடங்கு. கோஎஃபிஷியன்ட் – கெழு. கோஷன்ட் – ஈவு. ரிமைன்டர் – மீதி. ஸ்லோப் – சாய்வு. இன்டர்செப்ட் – வெட்டுத்துண்டு. ரூட் – மூலம். காமன் டிஃபரன்ஸ் – பொது வித்தியாசம். டான்ஜென்ட் ரெண்டு இடத்துல வரும்: வட்டத்துல தொடுகோடு, முக்கோணவியல்ல டேன். குழம்பிக்காதே. புதுசா ஒரு சொல் வந்தா எனக்கு அனுப்பு, தமிழ்ல சொல்றேன். பதினொண்ணாவதுல இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினாலும் உனக்கு இது உதவும்.

கார்த்தி (8.52): வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாரு. வேகத்தையும் குறைக்கலாம். ஆப்ல வீடியோவை இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பயிற்சிக்கு மட்டும் நெட் வேணும்.

பெரியப்பா (8.55): ஒரே ஒரு நிபந்தனை. போன் பக்கத்துல நோட்டும் பேனாவும் இருக்கணும். மனசுல போட்டு விடையைத் தட்டக் கூடாது. ராத்திரி அந்தப் பக்கத்தை எனக்குப் போட்டோ அனுப்பணும்.

சரவணன் மாமா (9.10): ஹால்ல உக்காந்து படிக்கட்டும்க்கா, ரூம்ல வேண்டாம். 45 நிமிஷம் போதும்.

மலர் சித்தி (9.12): சரிடா. நானும் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன், பூ கட்டிக்கிட்டே.

*அடுத்த வாரம், புதன்*

யாழினி (இரவு 8.30): அண்ணே மைனஸ் பெருக்கல் முதல்ல 4க்கு 2 வந்துச்சு. மறுபடி போட்டேன் 3. மூணாவது தடவை 4க்கு 4!! “ப்ரொஃபிஷியன்ட்”னு வந்துருச்சு

கார்த்தி (8.33): சூப்பர்டா! 70 சதவீதமோ அதுக்கு மேலயோ எடுத்தா “ஃபெமிலியர்”, எல்லாமே சரின்னா “ப்ரொஃபிஷியன்ட்”. யூனிட் டெஸ்ட் மாதிரி எல்லாப் பாடத்தையும் கலந்து கேட்கிற டெஸ்ட்லயும் அதைச் சரியா போட்டாதான் “மாஸ்டர்ட்”.

யாழினி (8.35): ஹின்ட் அழுத்தினா தப்புன்னு எடுத்துக்குது அண்ணே

கார்த்தி (8.36): ஆமா. அதனால அழுத்தாம இருக்காதே. புரியலன்னா அழுத்து, படி, அடுத்த தடவை அது இல்லாம போடு.

பெரியப்பா (8.50): நோட்டுப் பக்கம் பார்த்தேன். (−1)² எழுதும்போது இப்போ அடைப்புக்குறி போட்டிருக்கே. அந்த அடைப்புக்குறியைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அதை விட்டுடாதே.

*பதினஞ்சு நாள் கழிச்சு, சனி*

மலர் சித்தி (மாலை 5.20): கார்த்தி, யாழினி மறுபடி அழுறா. ஆப்ல காட்டுற சதவீதம் குறைஞ்சுருச்சாம்.

யாழினி (5.22): யூனிட் டெஸ்ட்ல ரெண்டு தப்பு. ஏற்கனவே முடிச்சதையும் கீழ இறக்கிடுச்சு. பத்து நாள் போட்டது வேஸ்ட்

கார்த்தி (5.25): வேஸ்ட் இல்லம்மா. ஒரு பாடத்தை அன்னைக்கே போட்டா எல்லாருக்கும் வரும். எல்லாத்தையும் கலந்து கேட்கும்போது எது நழுவுதுன்னு பார்க்கத்தான் அந்த டெஸ்டே. எந்த ரெண்டு?

யாழினி (5.27): பின்னத்தை பின்னத்தால வகுக்கிறது. ரெண்டும் அதேதான்

பெரியப்பா (5.40): அப்போ இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சுருச்சு, அடுத்த நாலு நாள் வகுத்தல்தான். காலாண்டுப் பேப்பர்ல 41னு மட்டும்தானே போட்டிருந்தது? எதுனாலன்னு யாரும் சொல்லல. இது இடத்தைக் காட்டுது. கண்ணைத் துடைச்சுக்கோ. 3/4ஐ 1/8ஆல வகுக்கச் சொன்னா என்ன கேக்குறாங்க? முக்கால் லிட்டர் பாலை அரைக்கால் லிட்டர் டம்ளர்ல ஊத்தினா எத்தனை டம்ளர்?

யாழினி (5.44): 6

பெரியப்பா (5.44): தலைகீழாக்கிப் பெருக்கினியா?

யாழினி (5.45): இல்ல கால் லிட்டருக்கு ரெண்டு டம்ளர் அப்போ முக்காலுக்கு ஆறு

பெரியப்பா (5.46): அதான் கண்ணு. இப்போ தலைகீழாக்கிப் பெருக்கிப் பாரு, அதே ஆறு வரும்.

*நவம்பர், ஞாயிறு*

சரவணன் மாமா (காலை 10.05): அத்தான், இந்தக் கான் அகாடமியை மட்டும் படிச்சா பரீட்சைக்குப் போதுமா? கவினும் அடுத்த வருஷம் பத்தாவது.

பெரியப்பா (10.30): போதாது சரவணா. அது நம்ம பாடப்புத்தகத்தை வச்சு எழுதினது இல்ல. பத்தாவது பேப்பர்ல ஒரு மார்க் 14, ரெண்டு மார்க் 10, அஞ்சு மார்க் 10, எட்டு மார்க் 2. அந்த எட்டு மார்க் ரெண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். காம்பஸ் பிடிச்சு வரையறது, கிராஃப் தாள்ல அளவுத்திட்டம் எழுதுறது, அஞ்சு மார்க்குக்குப் படி படியா எழுதுறது எல்லாம் போன்ல வராது. போன்ல விடையை மட்டும் அடிக்கிறோம். பரீட்சையில வழிக்குத்தான் மார்க்.

பெரியப்பா (10.34): பாடத்துக்கு நம்ம பள்ளிக்கல்வித் துறையோட மணற்கேணி ஆப் இருக்கு, அதுவும் இலவசம். தமிழ்லயே, நம்ம புத்தகத்தோட வரிசையிலயே வீடியோ இருக்கு. யாழினி உறவுகளும் சார்புகளும் அதுலதான் பார்த்தா. அஸ்திவாரத்துக்கு கான் அகாடமி, பாடத்துக்கு மணற்கேணி, எழுதிப் பழக நோட்டு. கவின் இப்பவே எட்டாவது பகுதியில இருந்து ஆரம்பிக்கட்டும். ஒன்பதாவதுலயே சரிபண்ணிட்டா அடுத்த வருஷம் அவனுக்கு மூச்சு விட நேரம் இருக்கும்.

மலர் சித்தி (10.41): டியூஷனை நிறுத்திட்டேன் அத்தான். அவளே கேட்டா. அந்த நேரத்துல வீட்ல போட்டுக்கிறேன்னு சொன்னா.

யாழினி (மாலை 4.15): படம்

யாழினி (4.16): பெரியப்பா அதே கணக்கு. புக் பார்க்காம போட்டேன். −1க்கு 8. ரெண்டு பக்கமும் ஒண்ணா ஏறுது. எக்ஸ் அச்சை 1லயும் 3லயும் வெட்டுது, அதான் மூலம்

பெரியப்பா (4.20): வளைவைக் கையால இழுத்தியா, ஸ்கேல் வச்சா?

யாழினி (4.20): கையால

பெரியப்பா (4.21): கோணல் இல்லாம வந்திருக்கு. மேல் மூலையில அளவுத்திட்டம் எழுத மறந்துட்டே. அதுக்கு ஒரு மார்க் போயிடும், இப்பவே எழுது.

யாழினி (4.24): எழுதிட்டேன். முக்கோணவியல்ல உயரமும் தொலைவும் இன்னும் சுத்தமா வரல பெரியப்பா. படம் போடுறதுலயே தப்புது

பெரியப்பா (4.26): அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. மொட்டை மாடியில நின்னு எதிர்த்த தண்ணித்தொட்டியைப் பார்த்துப் போடுவோம். பாகைமானி, நூல், அதுல கட்டித் தொங்கவிட ஒரு நட்டு எடுத்துட்டு வா.

பெரியம்மா (4.30): மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துருங்க மலரு. கவினையும் கூட்டிட்டு வாங்க.