தடைக்காலத்தில் கரையில் நின்று தூண்டில் போடலாமா?

ஒகேனக்கல்காரன்:
இத்தனை வருடமாக ஆற்று மீன்தான். மே லீவில் பாலக்கோடு மச்சானோடு கடலூர் பக்கம் போகலாமென்றால், தடைக்காலம், பிடித்தால் கேஸ் என்று ஒருத்தர் பயமுறுத்துகிறார். உண்மையா? இத்தனை மீன்தான் எடுக்கலாம் என்று கணக்கு ஏதும் உண்டா?

டேம்_மீன்_பிரியன் (கிருஷ்ணகிரி):
அண்ணா, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். மீன் முட்டை போடும் நேரம். தடை விசைப்படகுக்கும் இழுவலைக்கும்தான், கரைத் தூண்டிலுக்கு இல்லை. விசைப்படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது காசு கேட்டால் மட்டும் நடையைக் கட்டுங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
நான் இருப்பது ஃப்ளோரிடா. இங்கே மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் என்ற மீன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2, நீளம் 16 அங்குலமாவது இருக்கணும், அதுவும் சீசன் திறந்திருந்தால்தான். போன தடவை ஒன்று பதினைந்தரை, வாலை இழுத்து இழுத்து அளந்தும் ஏறவில்லை, சரி போ என்று விட வேண்டியதாயிற்று. அப்படியே தூக்கிப் போட்டாலும் பிழைக்காது, ஆழத்திலிருந்து வருவதால் காற்றுப்பை உப்பி வயிறு வாய் வழியே பிதுங்கி நிற்கும், எடை கட்டிய கிளிப்பில் மாட்டித் திரும்ப ஆழத்துக்கே இறக்கணும்.

ஒகேனக்கல்காரன்:
அடேங்கப்பா! அப்போ கரைதான். சின்னதை நாங்களும் விட்டுவிடுகிறோம். மச்சான் இப்போதே மசாலா அரைக்கச் சொல்லிவிட்டான், அதுதான் பயமாக இருக்கிறது.