பாரிஷ் பிள்ளைகளை விவசாயி வீட்டில் சேர்த்தது: மறுக்க முடியுமா?

கேள்வி: 1790களின் இங்கிலாந்து டெவன் மாவட்டப் பத்திரங்களில், பாரிஷ் (தன் ஏழைகளைக் கவனிக்க வேண்டிய சர்ச் வட்டாரம்) ஏழைச் சிறுமியை ஒரு விவசாயியிடம் 'வீட்டு வேலை பழக' ஒப்படைத்ததாக இருக்கிறது. அந்த விவசாயி வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியாதா? எத்தனை வருஷம்?

பதில்: சொல்லலாம், ஆனால் 10 பவுண்டு அபராதம். 1697 சட்டம் அப்படி. பாரிஷின் சர்ச் வார்டன்களும் (சர்ச் நிர்வாகிகள்) ஏழைகள் மேற்பார்வையாளர்களும் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார்கள், இரண்டு நீதிபதிகள் ஒப்புதல் தர வேண்டும். பெண்ணுக்கு 21 வயசு அல்லது கல்யாணம் வரை. பையனுக்கு முதலில் 24, 1778க்குப் பிறகு 21. பெற்றோர் சம்மதம் தேவையே இல்லை. மனசைப் பிசைகிற இடம் இதுதான்.

பதில்: பத்திரத்தின் மேல் விளிம்பைப் பாருங்க. நேராக இல்லாமல் அலை அலையாக வெட்டியிருக்கும். ஒரே வாசகத்தை இரண்டு பிரதி எழுதி, சேர்த்து வைத்து வெட்டுவார்கள்; பொருந்தினால் அசல். தவணை முடிந்ததும் எஜமான் இரண்டு செட் உடுப்பு தரணும் என்ற வரியும் பல பத்திரங்களில் அச்சிட்டே இருக்கும்: ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று.

பதில்: ஒரு விஷயம் விட்டுப்போச்சு. பழகுநராக (இப்படி வேலை பழகச் சேர்க்கப்பட்டவராக) 40 நாள் தங்கிய பாரிஷே அந்தப் பிள்ளையின் 'சொந்த ஊர்' ஆகிவிடும். பிற்காலத்தில் ஏழை நிவாரணம் அங்கேதான். அதனால் பக்கத்து பாரிஷுக்குத் தள்ளிவிடுவது மேற்பார்வையாளர்களுக்கு லாபம். பிள்ளைக்கு நல்ல எஜமானா என்பது பின்னுக்குப் போனது.

கேட்டவருக்கு: முத்திரை வரிப் (பழகுநர் பத்திரங்களுக்குக் கட்டிய வரி) பதிவேட்டில் தேடாதீங்க. பாரிஷ் செலவில் சேர்த்த பிள்ளைகளுக்கு அந்த வரி விலக்கு. 1802க்குப் பிறகு என்றால் பாரிஷ் பழகுநர் பதிவேடு கிடைக்கலாம்.