ஜாப் கார்டிலிருந்து சாஃப்ட்வேருக்கு மாறுவது: எங்கே ஆரம்பிக்கலாம்?

கோவை_சிஎன்சி:
வணக்கம். கோவை கணபதி பக்கம் எங்களுக்கு ஒரு மெஷின் ஷாப் இருக்கிறது. சிஎன்சி லேத், விஎம்சி (மில்லிங் மெஷின்) எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு மெஷின், இரண்டு ஷிப்ட், பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் வேலைதான் அதிகம். இன்னமும் எல்லாம் பேப்பர்தான். ஜாப் கார்டு (ஒவ்வொரு லாட்டுக்கும் என்னென்ன வேலை என்று எழுதின அட்டை) டிரேயோடு மெஷின் மெஷினாகப் போகும், ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் நோட்டில் ஏற்றுவார், மறுநாள் காலையில் ஆபீஸில் எக்செலில் அடிப்பார்கள். கஸ்டமர் போன் செய்து "என் லாட் எங்கே நிற்குது" என்று கேட்டால் நான் எழுந்து போய்த்தான் பார்க்க வேண்டும். ஹீட் ட்ரீட்மென்டும் ஹார்டு குரோமும் வெளியில். அங்கே போன லாட் நாலு தவணையாகத் திரும்பி வரும்போது கணக்கு எப்போதும் இடிக்கும்.

இப்போது ஒரு கஸ்டமர் ஆடிட்டில், எந்தப் பீஸ் எந்த ஹீட் நம்பர் (ஸ்டீல் உருக்கிய தொகுதியின் எண்) பாரில் செய்தது, யார் ஓட்டினது என்று காட்டச் சொல்லிவிட்டார்கள். முழு ஈஆர்பி (ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாம் ஒரே சாஃப்ட்வேரில்), மெஷினுக்கு மெஷின் சென்சார், சுவரில் பெரிய டிவி என்று ஒருவர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அப்பா "நோட்டுலயே எல்லாம் இருக்கே" என்கிறார். எங்கே தொடங்குவது? ஆபரேட்டர்கள் என்ட்ரி போடுவார்களா?

ஓசூர்க்காரன்:
டிவியை அப்புறம் பார்க்கலாம். முதலில் போன மாசத்து ஜாப் கார்டுகளை ஒரு கட்டு எடுத்து, கட்டங்களுக்கு வெளியே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்க. எங்கள் ஷாப்பில் பின்பக்கம் முழுக்கப் பேனாக் கிறுக்கல். "இன்செர்ட் மாத்தியாச்சு, எக்ஸ் ஆஃப்செட் -0.02", "பார் வளைவு, 6 பீஸ் தனியா இருக்கு", "கேஜ் இன்ஸ்பெக்‌ஷன்ல, வெயிட்டிங்". வேலை உண்மையில் ஓடுகிற விதம் அதில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர்காரர் உங்கள் கார்டில் அச்சடித்த கட்டங்களை மட்டும் பார்த்து ஸ்கிரீன் போட்டுக் கொடுப்பார், இந்தக் கிறுக்கலுக்கு இடம் இருக்காது, இரண்டே வாரத்தில் யாராவது பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு வைத்துக்கொள்வார்கள்.

ஆரம்பத்தில் ஆபரேட்டர் போட வேண்டியது இவ்வளவு போதும்: எந்த ஆபரேஷன் முடிந்தது, நல்ல பீஸ் எத்தனை, ரிஜெக்ட் எத்தனை, ஏன். காரணப் பட்டியல் ஏழெட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எல்லோரும் "மற்றவை"யை அமுக்கிவிட்டுப் போவார்கள். முக்கியமாக, டிரே நகரும்போதே மெஷின் பக்கத்தில் என்ட்ரி விழ வேண்டும். ஷிப்ட் கடைசியில் மொத்தமாகப் போட்டால் அது அந்த நோட்டேதான், கம்ப்யூட்டரில் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் ஹீட் நம்பரும் அப்படித்தான், பார் வெட்டும் இடத்திலேயே கார்டோடு சேரவில்லை என்றால் அப்புறம் எந்த ஈஆர்பியாலும் கண்டுபிடிக்க முடியாது.

பழைய_செட்டர்:
ஆபரேட்டர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. கூலன்ட் கையோடு டச் ஸ்கிரீன் வேலை செய்யாது, கிளவுஸைக் கழற்றி மாட்டிக்கொண்டு யாரும் என்ட்ரி போடமாட்டார்கள். கார்டில் கியூஆர் ஒட்டி ஸ்கேனர் கொடுங்க. கியூஆரே 1994இல் ஜப்பானில் டென்சோ கம்பெனியில், கார் உதிரிப்பாகங்களைத் தொழிற்சாலைக்குள் கண்காணிக்கத்தான் உருவானது, நாம் டீக்கடையில் காசு கொடுக்கும்போதுதான் அதைப் பார்த்தோம். பிரின்ட் எடுக்கும்போது பிழைதிருத்தம் 'எச்' லெவல் வைத்தால் சுமார் 30 சதவீதம் அழுக்கானாலும் ஸ்கேன் ஆகும். எண்ணெய்க் கைக்கு அதுதான் சரி.

இன்னொன்று, அந்த டிவி. மெஷின் நின்றால் சிவப்பு எரியும், திட்டு வாங்குவது ஆபரேட்டர். ஆனால் அவன் செட்டிங்குக்கோ, கேஜுக்கோ, மெட்டீரியலுக்கோ காத்துக்கொண்டிருப்பான். நின்ற காரணத்தை அவனே அமுக்க வழி வைத்து, அதைப் பார்த்து மேலே இருப்பவர்களிடம் கேள்வி கேட்டீர்களென்றால், அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே ஒழுங்காக அமுக்குவான். ஸ்கிரீன் தமிழில் இருக்கட்டும், ஒடிசா, பீகார் பசங்க இருந்தால் இந்தியிலும்.

கணக்கு_நோட்டு:
நான் வெளிவேலையிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், காசு ஒழுகுவது அங்கேதான். ஜிஎஸ்டி 143வது பிரிவுப்படி ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய மெட்டீரியல் 1 வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும் (மெஷின் மாதிரி கேப்பிட்டல் கூட்ஸுக்கு 3 வருஷம், டை, ஜிக், ஃபிக்ஸ்சருக்கு அந்தக் கெடு இல்லை). வராவிட்டால் அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாக எடுத்துக்கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள். ஐடிசி-04 (ஜாப் வொர்க்குக்கு அனுப்பினது, திரும்பி வந்தது காட்டும் படிவம்) வேறு போட வேண்டும். டர்ன்ஓவர் 5 கோடிக்கு மேல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதற்குக் கீழே வருஷத்துக்கு ஒன்று. நாலு தவணையாக வருகிற லாட்டை எந்த டிசிக்கு (அனுப்பும்போது போட்ட டெலிவரி சலானுக்கு) எதிராகக் கழிப்பது என்பது நோட்டில் தலைவலி. ஒவ்வொரு வரவையும் மூல டிசி நம்பரோடு கட்டிப்போடுவது மட்டும் நடந்தாலே உங்கள் அப்பா முகம் மாறும். டாலியிலேயே ஜாப் வொர்க் வசதி இருக்கிறது, முதலில் அதைத் திறந்து பாருங்க.

கோவை_சிஎன்சி:
எல்லோருக்கும் நன்றிங்க. டிசி விஷயம் அப்பாவிடம் நன்றாகவே எடுபட்டது. நோட்டையும் சாஃப்ட்வேரையும் கொஞ்ச நாள் சேர்த்து ஓட்டலாமா?

ஓசூர்க்காரன்:
ஓட்டலாம், ஆனால் ஒரே ஒரு ஷாஃப்ட் ஃபேமிலிக்கு மட்டும், நோட்டை நிறுத்தும் தேதியை முதல் நாளே சுவரில் எழுதிவிட்டு. தேதி இல்லை என்றால் இரண்டும் காலத்துக்கும் ஓடும், கணக்கு இடிக்கும்போதெல்லாம் நோட்டுதான் ஜெயிக்கும். அதற்கு முன்னால் பார்ட் நம்பரைச் சுத்தம் செய்யுங்க. ஒரே ஷாஃப்டுக்கு டிராயிங்கில் ஒரு பேர், பில்லில் ஒரு பேர், ஃப்ளோரில் "அந்த நீட்டு ஷாஃப்ட்" என்று இருக்கும். போரடிக்கிற வேலைதான், நாள் முழுக்க இழுக்கும், ஆனால் இதை வெளியாளிடம் விடாதீங்க. சாஃப்ட்வேருக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் பாருங்க, ஓப்பன் சோர்ஸ், வொர்க் ஆர்டர், ஜாப் கார்டு இரண்டும் அதே பேரில் உள்ளே இருக்கிறது. லைசென்ஸ் காசு இல்லை, போட்டுக் கொடுப்பவருக்கும் சர்வருக்கும் உண்டு.

பழைய_செட்டர்:
ஸ்கேனர் வயர் உள்ளதாக வாங்குங்க. வயர்லெஸ்ஸை சார்ஜ் போட மறந்துவிடுவார்கள், தகர ஷெட்டுக்குள் சிக்னலும் சரியாக வராது.