மறு: ‘ஆல்கஹால் இல்லாத அகாவே ஸ்பிரிட்’: தீநீர் என்று சொல்லலாமா?

அண்ணாச்சி, குழும நண்பர்களே, வணக்கம். ‘ஆல்கஹால் இல்லாத அகாவே ஸ்பிரிட்’ என்று புட்டியில் வரும் போதையில்லாப் பானத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு, பாளையங்கோட்டையிலிருந்து என் பங்குக்குச் சில வரிகள்.

> ‘மதுவற்ற கற்றாழைச் சாராயம்’ என்று மொழிபெயர்த்து அனுப்பினேன். இதழாசிரியர் முழிக்கிறார்.

முழிக்கத்தான் செய்வார். முதலில் கற்றாழை. நம் பக்கம் வெறுமனே கற்றாழை என்றால் சோற்றுக்கற்றாழைதான் நினைவுக்கு வரும், முகத்தில் தடவுவதும் மோரில் போட்டுக் குடிப்பதும். அகாவே வேறு செடி, வேறு குடும்பம். மெக்சிகோவிலிருந்து வந்து நம் ரயில் பாதை ஓரத்திலும் தோட்ட வேலியிலும் முள்ளோடு நிற்கிறதே, ஆனைக்கற்றாழை, அதன் இனம். சிலர் ரயில் கற்றாழை என்பார்கள். ஒருமுறை பூத்தண்டு விட்டதும் பட்டுப்போகும். டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவுக்கு ஆகும் நீல அகாவே இதே பேரினத்தில் ஒரு வகை. ஆகவே ‘நீல ஆனைக்கற்றாழை’. அகாவே என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. வெறும் கற்றாழை மட்டும் வேண்டாம்.

அடுத்தது சாராயம். அந்தச் சொல்லிலேயே போதை இருக்கிறது. முன்னால் ‘மதுவற்ற’ என்று ஒட்டினால் சொல் தன்னோடு தானே சண்டை போடும். போன வாரம் ஒருவர் ‘போலி டெக்கீலா’ என்று எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். நம் செய்தித்தாளில் போலி மது என்றால் மெத்தனால், ஆஸ்பத்திரி, சாவு. இன்னொன்றும் உண்டு. டெக்கீலா என்பது 1974 முதல் மெக்சிகோவில் பிறப்பிடக் காப்புப் பெற்ற பெயர். ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் சில பகுதிகளிலும் செய்ததுதான் அந்தப் பெயரில் விற்கலாம், ஆல்கஹாலும் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். ஆல்கஹால் இல்லாத புட்டியில் அந்தப் பெயரைப் போட முடியாது. அதனால்தான் ‘அகாவே ஸ்பிரிட்’ என்று சுற்றி வளைக்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் டெக்கீலாவைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தால் அவர்கள் பாடு வீண்.

> ஸ்பிரிட்டுக்கு ‘ஆவி’?

சுடுகாட்டுக்கு விளம்பரம் எழுதினால் வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை நண்பர் ‘மதுசாரமற்ற வடிபானம்’ என்றார். பிழையே இல்லை, பாடநூலில் நிற்கும். ஆனால் கடையில் யாரும் வாயால் சொல்லிக் கேட்க மாட்டார்கள்.

என் முன்மொழிவு, தீநீர். புதிதாக உண்டாக்கியதல்ல. சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 வகை என்பார்கள், அதில் ஒன்று தீநீர். மருந்துச் சரக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, வாலையில், அதாவது வடிகலனில், ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து வடித்து எடுப்பது. மருந்துக் கடையில் ‘ஓமவாட்டர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் ஏட்டுப் பெயர் ஓமத் தீநீர். வடித்தது, மணம் உண்டு, தொண்டையில் ஒரு காரம் உண்டு, போதை இல்லை. 2015-இல் பிரிட்டனில் சீட்லிப் என்ற ஆல்கஹால் இல்லாத பானம் விற்பனைக்கு வந்த பிறகு பெருகிய ஆல்கஹால் இல்லாத ‘ஸ்பிரிட்’டுகளில் பல, மூலிகையையும் பழத்தோலையும் வடித்துச் சேர்த்தவைதானே? நம்மிடம் அதற்குச் சொல்லும் இருக்கிறது, கருவிக்குப் பெயரும் இருக்கிறது. இதே ஊரில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளலாம்.

இதற்கு வரக்கூடிய எதிர்ப்பும் தெரியும். ஸ்பானிய மொழியில் ‘அகுவார்தியெந்தே’ என்றால் எரியும் நீர். அங்கே அது அசல் சாராயம். சரி, ஆனால் நாம் எழுதுவது தமிழருக்கு. தமிழில் தீநீர் குடித்து யாரும் தள்ளாடியதில்லை. மருந்து என்று நினைத்துவிடுவார்களே என்பது கொஞ்சம் கனமான எதிர்ப்பு. எனவே தனியாகத் தீநீர் என்று போடாமல் ‘அகாவேத் தீநீர்’ என்று எப்போதும் அடைமொழியோடு எழுதலாம், உடலுக்கு நல்லது என்ற வாடை விளக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நான் விடாப்பிடியாக நிற்கும் இடம். ‘ஆல்கஹால் இல்லாத’ என்பதில் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, முதலில் முறையாகப் புளிக்கவைத்து வடித்து, பிறகு அழுத்தம் குறைந்த கலனில் தாழ்ந்த சூட்டில் ஆல்கஹாலைப் பிரித்து எடுப்பது. ஆல்கஹாலோடு மணமும் போய்விடும் என்பதால் அதைத் தனியே பிடித்துத் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். மற்றது, புளிக்கவே விடாமல் சுட்ட அகாவேயின் சாறு, மூலிகை வடிநீர், எரிப்புக்கு மிளகாய் அல்லது இஞ்சி, நாக்கில் கனம் தெரியக் கிளிசரின் என்று சேர்த்துக் கட்டுவது. முதலாவது மதுநீக்கியது. இரண்டாவது மது விளையாதது.

நம் பக்கத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உடன்குடிப் பக்கம் பனையேறி கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் விட்டால் கள். பதநீரை ‘மது நீக்கிய கள்’ என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். அதில் மது விளையவே இல்லை. மெக்சிகோவிலும் இந்த வரிசை அப்படியே உண்டு. அகாவேயின் நடுக்குருத்தைக் குடைந்து எடுக்கும் இனிப்புச் சாறு அகுவாமியேல், அது புளித்தால் புல்கே. பதநீரும் கள்ளும்தான். ஆனால் டெக்கீலா இந்தச் சாற்றிலிருந்து வருவதில்லை. ஓலையைச் சீவிவிட்டு அடித்தண்டைச் சுட்டுப் பிழிந்து, புளிக்கவைத்து, இருமுறை வடிக்கிறார்கள். ஆகவே அதைப் ‘பனஞ்சாராயம் மாதிரி’ என்று விளக்குகிறவர்கள் பாதியில் வழுக்குகிறார்கள்.

எனவே தீநீர் என்ற சொல்லை இரண்டாவது வகைக்கு மட்டும் வைக்கலாம் என்பேன். முதல் வகை ‘மதுநீக்கிய அகாவே வடிபானம்’. இலங்கை நண்பரின் வடிபானம் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. வடிக்காமல் வெறும் சாறும் எசன்சும் கலந்ததைத் தீநீர் என்றால் பொய். அதற்குச் ‘சுவைநீர்’ போதும்.

அளவு பற்றிக் கேட்டவருக்கு: இந்திய உணவுப் பாதுகாப்பு விதியில் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் மதுபானம். பிரிட்டனில் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்று எழுத 0.05 தான் வழிகாட்டு அளவு. ஆகவே ‘மதுவே இல்லை’ என்று உறுதிச்சொல் போடுவதற்கு முன் புட்டியில் உள்ள எண்ணைப் பார்த்துவிடுங்கள். மார்க்கத்துக்காகவோ உடல்நிலைக்காகவோ அறவே தவிர்க்கிறவர்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாங்குவார்கள்.

காக்டெய்லுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். ‘கலவைப் பானம்’ ஏற்கனவே புழங்குகிறது. தீநீர் ஊற்றினால் ‘தீநீர்க் கலவை’. நன்னாரி, எலுமிச்சை, சோடா என்று கணக்குப் பார்த்து ஊற்றும் சர்பத் கடைக்காரர் செய்வதும் இதே வேலைதான், ஆனால் அவரிடம் போய்க் கலவை என்று கேட்காதீர்கள், சிமெண்டா என்பார். மார்கரிட்டா, பலோமா போன்ற காக்டெய்ல் பெயர்களை அப்படியே விட்டுவிடலாம். செய்முறையில் குலுக்குவதையும் கலக்குவதையும் மட்டும் குழப்ப வேண்டாம். எலுமிச்சைச் சாறு சேரும் மார்கரிட்டாவைப் பனிக்கட்டியோடு குலுக்க வேண்டும். ஆல்கஹால் இல்லாத சரக்கு ஏற்கனவே மெலிசு, நேரம் கூடினால் பனி உருகிச் சப்பென்று ஆகிவிடும். இந்த எச்சரிக்கை நம் மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்.

கலைச்சொல் பட்டியலைப் பராமரிக்கிற அண்ணாச்சிக்கு: ‘அகாவேத் தீநீர்’, ‘மதுநீக்கிய அகாவே வடிபானம்’, ‘தீநீர்க் கலவை’ மூன்றையும் பரிசீலனையில் வையுங்கள். ஒற்று மிகுமா என்று இலக்கணக்காரர்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லட்டும். ‘வாலை’யைத் தனிப் பதிவாகச் சேர்க்கலாமா என்பதையும் இதே இழையில் முடித்துவிடலாம்.